டிஎல்சி கோட்டிங் ஏன் உரியுது? உள்ள இருக்கற ஸ்ட்ரெஸ்ஸை கம்ப்யூட்டர்ல கணக்கு பண்ண புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பினாங்குல பாயான் லெப்பாஸ்லயும் பிறை பக்கமும் டூலிங் வேலை பார்க்கறவங்களுக்கு டிஎல்சி புது பேர் இல்ல. ஐசி கால்களை வெட்டி மடிக்கற பஞ்ச், டை, மோல்டு பின் இதுல எல்லாம் டின் (வெள்ளீயம்) வந்து ஒட்டிக்கக் கூடாதுன்னு கருப்பா பளபளன்னு ஒரு கோட்டிங் போட்டு வாங்குவாங்களே, அதுதான். டைமண்ட் லைக் கார்பன், சுருக்கமா டிஎல்சி. தடிப்பு ஒரு மைக்ரான் ரெண்டு மைக்ரான், அவ்வளவுதான். நல்லா ஒட்டிக்கிட்டா வருஷக்கணக்கா ஓடும், ஒட்டலன்னா மெஷின்ல மாட்டறதுக்கு முன்னாடியே முனையில செதில் செதிலா உரிஞ்சு வந்துடும்.

உரிஞ்சதும் என்ன நடக்கும், மேனேஜர் புதுசா சேர்ந்த பையனையோ பொண்ணையோ கூப்பிட்டு "நீ எஃப்ஈஏ படிச்ச ஆள்தானே, உள்ள ஸ்ட்ரெஸ் எவ்வளவுன்னு சிமுலேஷன் போட்டு காட்டு"ன்னுடுவார். (எஃப்ஈஏன்னா ஒரு பொருளை சின்னச் சின்ன துண்டா பிரிச்சு கம்ப்யூட்டர்ல ஸ்ட்ரெஸ் கணக்கு போடற முறை.) அவங்களும் ராத்திரி உக்காந்து ஒரு எஃகு துண்டு வரைஞ்சு, மேல மெல்லிசா ஒரு லேயர் வச்சு, 180 டிகிரில இருந்து 30 டிகிரிக்கு குளிர வச்சு, கலர் கலரா ஒரு படம் எடுத்து ரிப்போர்ட்ல ஒட்டிடுவாங்க. படம் அழகா இருக்கும், நம்பர் தப்பா இருக்கும். ஏன்னா டிஎல்சில இருக்கற ஸ்ட்ரெஸ்ல பெரும்பங்கு குளிர்றதால வர்றதே இல்ல, கோட்டிங் வளரும்போதே உள்ள போய் உக்காந்துக்கறது. அது சாஃப்ட்வேருக்கு தானா தெரியாது, நீங்கதான் அளந்து கொண்டுவந்து உள்ள போடணும். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப் போறேன், மத்ததெல்லாம் அதுக்கு மேல வர்ற வேலை.

வளரும்போது எப்படி ஸ்ட்ரெஸ் வருதுன்னு மட்டும் கொஞ்சம் புரிஞ்சுக்குங்க. கார்பன் அயனிகள் (மின்னேற்றம் உள்ள அணுக்கள்) பத்து எலக்ட்ரான் வோல்ட்ல இருந்து சில நூறு எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் எனர்ஜியோட வந்து மேற்பரப்பை அடிக்குது. அடிக்கற அணுவுக்கு வெளிய உக்கார இடம் இருந்தாலும் அது அங்க நிக்காது, உள்ள நெருக்கிக்கிட்டு போயிடுது. தைப்பூசத்தன்னைக்கு தண்ணீர்மலை படிக்கட்டுல ஏற்கனவே ஜனம் நிறைஞ்சு நிக்கும்போது பின்னாடி இருந்து இன்னும் பத்து பேர் தள்ளிக்கிட்டு வந்தா எப்படி இருக்கும், பக்கவாட்டுல நகர வழி கிடையாது, எல்லாரும் இறுகிப் போவாங்க, அதே கதைதான். கீழ இருக்கற எஃகு பக்கவாட்டுல விரிய விடாது, அதனால கோட்டிங் அமுக்கத்துல மாட்டிக்குது. இதுக்குப் பேர் கம்ப்ரெசிவ் ஸ்ட்ரெஸ். இந்த நெருக்கம்தான் எஸ்பி3 பிணைப்பு, அதாவது வைரத்துல இருக்கற மாதிரி பிணைப்பு உருவாகவும் காரணம், அதனால கடினமும் ஸ்ட்ரெஸ்ஸும் ஒண்ணாவே வரும், ஒண்ணை மட்டும் தனியா கேட்டு வாங்கறது கஷ்டம். ஹைட்ரஜன் கலந்த சாதாரண டிஎல்சில ஒண்ணுல இருந்து மூணு கிகா பாஸ்கல் வரைக்கும் இருக்கும், ஹைட்ரஜன் இல்லாத டிஏசி வகைல 10 கிகா வரைக்கும் கூட போகும். சாதாரண எஃகு 0.3 கிகாலயே வளைஞ்சு கொடுத்துடும்னு நினைச்சுப் பார்த்தா இது எவ்வளவு பெரிய எண்ணுன்னு தெரியும்.

முதல்ல பேப்பர்ல கணக்கு

கம்ப்யூட்டரை திறக்காதீங்க. ஒரு பேப்பர் எடுங்க. குளிர்றதால வர்ற பங்கை கையாலயே போட்டுடலாம், ஃபார்முலா இதுதான்: கோட்டிங்கோட யங்ஸ் மாடுலஸை (1 கழித்தல் பாய்சான் ரேஷியோ)வால வகுத்து, அதை ரெண்டு பொருளோட எக்ஸ்பான்ஷன் வித்தியாசத்தால பெருக்கி, அதை டெம்பரேச்சர் வித்தியாசத்தால பெருக்கணும். (யங்ஸ் மாடுலஸ்னா பொருளோட விறைப்பு, பாய்சான் ரேஷியோன்னா ஒரு பக்கம் இழுத்தா குறுக்கால எவ்வளவு சுருங்கும்ங்கறது, எக்ஸ்பான்ஷன்னா ஒரு டிகிரி ஏறினா எவ்வளவு விரியும்ங்கறது.)

எஃகோட எக்ஸ்பான்ஷன் டிகிரிக்கு 12 மைக்ரோஸ்ட்ரெய்ன் (நீளத்துல பத்து லட்சத்துல 12 பங்கு), டிஎல்சிக்கு 2.5னு வச்சுக்கலாம். வித்தியாசம் 9.5. கோட்டிங் 180 டிகிரில போட்டு நம்ம ஊர் ரூம் டெம்பரேச்சர் 30க்கு வந்தா 150 டிகிரி இறக்கம். (ஏன் 180னா, டூல் ஸ்டீலோட டெம்பரிங் கெட்டுடக் கூடாதுன்னு டிஎல்சியை பொதுவா 200க்கு கீழதான் போடுவாங்க.) 9.5 பெருக்கல் 150, வர்றது 1425 மைக்ரோஸ்ட்ரெய்ன், அதாவது 0.001425. டிஎல்சி மாடுலஸ் 200 கிகா, பாய்சான் 0.2னு எடுத்தா 200 வகுத்தல் 0.8 = 250 கிகா. 250 பெருக்கல் 0.001425 = 0.356 கிகா பாஸ்கல். எஃகு அதிகமா சுருங்குது, கோட்டிங்கையும் சேர்த்து அமுக்குது, அதனால இதுவும் கம்ப்ரெசிவ்தான்.

இந்த 0.356ஐ எழுதி வட்டம் போட்டு வச்சுக்குங்க. குளிர வைக்கற சிமுலேஷன் மட்டும் போட்டவங்க ரிப்போர்ட்ல வர்ற நம்பர் இதுதான். இதுக்கு எஃப்ஈஏ எதுக்கு, கால்குலேட்டர் போதும் லா. மிச்சம் ஒண்ணரை ரெண்டு கிகா எங்கன்னு கேட்டா பதில் அடுத்த படில இருக்கு.

சிலிக்கான் துண்டு வச்சு அளக்கறது

வளரும்போது வர்ற ஸ்ட்ரெஸ்ஸை அளக்க சிலிக்கான் துண்டு வேணும். பினாங்குல சிலிக்கானுக்கா பஞ்சம், ஃபேக்டரில வேலை பார்க்கற யாராவது ஒரு நண்பர் கிட்ட டம்மி வேஃபர் உடைஞ்ச துண்டு இருக்கும், ஆனா ஒரு பக்கம் பாலிஷ் பண்ணினதா, நேரா வெட்டின பட்டையா இருக்கட்டும். கோட்டிங் போடறதுக்கு முன்னாடி ஸ்டைலஸ் ப்ரொஃபைலோமீட்டர்ல (ஊசியை மேல ஓட்டி மேடு பள்ளம் அளக்கற கருவி) நீளவாக்குல ஒரு ஸ்கேன், உங்க பஞ்ச் போற அதே பேட்ச்சுல பக்கத்துலயே இந்தத் துண்டையும் வச்சு கோட்டிங் போட்டு, திரும்ப அதே இடத்துல அதே திசைல இன்னொரு ஸ்கேன். ரெண்டையும் கழிச்சா வளைவு மாறினது மட்டும் மிஞ்சும். முன்னாடி ஸ்கேன் எடுக்காம விட்டுட்டா அப்புறம் எதையும் சரி பண்ண முடியாது, ஏன்னா வெறும் சிலிக்கானும் முழு தட்டையா இருக்காது.

வளைவுல இருந்து ஸ்ட்ரெஸ் எடுக்கறதுக்கு ஸ்டோனி 1909ல கொடுத்த சமன்பாடு இன்னைக்கும் ஓடுது: சிலிக்கானோட பைஆக்சியல் மாடுலஸ் (யங்ஸ் மாடுலஸை 1 கழித்தல் பாய்சானால வகுத்தது) பெருக்கல் சிலிக்கான் தடிப்போட வர்க்கம், கீழ 6 பெருக்கல் கோட்டிங் தடிப்பு பெருக்கல் வளைவு ரேடியஸ். (100) திசைல வெட்டின சிலிக்கானுக்கு பைஆக்சியல் மாடுலஸ் 180 கிகா. உதாரணத்துக்கு 525 மைக்ரான் சிலிக்கான்ல 1 மைக்ரான் டிஎல்சி, ஸ்ட்ரெஸ் 2 கிகான்னா வளைவு ரேடியஸ் சுமார் 4.1 மீட்டர் வரும், 20 மில்லிமீட்டர் ஸ்கேன் பண்ணினா நடுவுல 12 மைக்ரான் உயரம். ஸ்டைலஸுக்கு 12 மைக்ரான் மலை மாதிரி, சுலபமா பிடிச்சுடும். கோட்டிங் பக்கம் மேடா வளைஞ்சிருந்தா கம்ப்ரெசிவ், குழிவா இருந்தா டென்சைல், இதை மட்டும் ரெண்டு தடவை சரிபாருங்க, துண்டை தலைகீழா வச்சு ஸ்கேன் பண்ணிட்டா குறி மாறிடும்.

சிலிக்கான் தடிப்பு வர்க்கத்துல வருதுன்னு கவனிச்சீங்களா, அதனால டேட்டாஷீட்ல 525னு போட்டிருக்கேன்னு அப்படியே எடுத்துக்காதீங்க, மைக்ரோமீட்டர் வச்சு அளங்க. 25 மைக்ரான் கூட குறைய இருந்தா விடையில பத்து சதவீதம் போயிடும்.

இந்த டெஸ்ட்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ரெண்டு. ஒண்ணு, ஸ்டோனி சமன்பாட்டுல கோட்டிங்கோட மாடுலஸே வராது, தடிப்பு மட்டும் தெரிஞ்சா போதும். இன்னொண்ணு, சிலிக்கானோட எக்ஸ்பான்ஷன் 2.6, டிஎல்சி கிட்டத்தட்ட அதே அளவு, அதனால குளிர்றதால வர்ற பங்கு சிலிக்கான் மேல ஏறக்குறைய பூஜ்யம். அப்போ சிலிக்கான்ல நீங்க அளந்தது நேரடியா வளரும்போது வந்த ஸ்ட்ரெஸ்ஸேதான். எஃகுக்குப் போகும்போது அது கூட 0.356ஐ சேர்த்துக்கணும், 2 கூட்டல் 0.356, மொத்தம் 2.356. இதே அளவை எஃகு ஃபாயில் மேல எடுத்திருந்தா குளிர்ற பங்கும் அதுக்குள்ளயே இருக்கும், அப்போ மாடல்ல திரும்ப குளிர வச்சீங்கன்னா ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடும்.

மாடல் வரையறது

சாஃப்ட்வேர் எதுன்னா உங்க கம்பெனில என்ன லைசென்ஸ் இருக்கோ அது. ஒண்ணும் இல்லன்னா கவலைப்படாதீங்க, கால்குலிக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சால்வர் இருக்கு, அதுக்கு முகமா ப்ரீபோமேக்ஸ்னு ஒரு ப்ரோக்ராம் விண்டோஸ்ல ஓடும், ரெண்டும் ஒரு வெள்ளி கூட கேட்காது. மெஷ் (மாடலை எலிமென்ட்னு சின்னச் சின்ன கட்டமா பிரிக்கற வலை, கட்டத்தோட புள்ளிங்கதான் நோடு) கொஞ்சம் கட்டுப்பாட்டோட வேணும்னா ஜிமெஷ். இந்த வேலைக்கு இது தாராளம், சாதாரண லேப்டாப் போதும்.

முதல் மாடலா உங்க பஞ்சை வரையாதீங்க. வட்டமான ஒரு எஃகு டிஸ்க், ரேடியஸ் 10 மில்லிமீட்டர், உயரம் 5 மில்லிமீட்டர், மேல 2 மைக்ரான் டிஎல்சி. இதை ஆக்சிசிமெட்ரிக்கா போட்டா ஒரு செவ்வகம் வரைஞ்சா போதும், சுத்தி வர்றதை சாஃப்ட்வேர் பார்த்துக்கும். கால்குலிக்ஸ்ல ஒய் அச்சுதான் சுழலும் அச்சு, எக்ஸ் எப்பவும் பூஜ்யமோ அதுக்கு மேலயோ இருக்கணும்.

யூனிட் விஷயத்துல அலட்சியமா இருந்தா எல்லாம் போச்சு. கால்குலிக்ஸுக்கு யூனிட்டே கிடையாது, நீங்க என்ன போடறீங்களோ அதை அப்படியே நம்பும். மில்லிமீட்டர், நியூட்டன், மெகா பாஸ்கல் இந்த மூணையும் சேர்த்துப் பிடிச்சுக்குங்க. அப்போ 2 மைக்ரான் 0.002 ஆகும், 200 கிகா 200000 ஆகும், விடை மெகால வரும்.

மெஷ்தான் புதுசா வர்றவங்களை பயமுறுத்தும், 2 மைக்ரானையும் 10 மில்லிமீட்டரையும் ஒரே மாடல்ல எப்படி வைக்கறதுன்னு. எல்லா இடத்துலயும் சின்ன எலிமென்ட் போட்டா கோடிக்கணக்குல போயிடும்தான். ஆனா சின்னது தேவைப்படறது முனைகிட்ட மட்டும்தான். கோட்டிங் தடிப்புல ஆறு எலிமென்ட், வெளி முனையில எலிமென்ட் அகலம் 0.3 மைக்ரான், அங்க இருந்து உள்ள போகப் போக ஒவ்வொண்ணும் முந்தினதை விட 15 சதவீதம் பெருசு. இப்படி வச்சா 10 மில்லிமீட்டருக்கும் சுமார் 60 எலிமென்ட்தான் ஆகும், கீழ எஃகுலயும் அதே மாதிரி இன்டர்ஃபேஸ்ல (கோட்டிங்கும் எஃகும் சேர்ற இடம்) இருந்து கீழ போகப் போக பெருசாக்கினா மொத்தம் நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுடும். 8 நோடு இருக்கற எலிமென்ட் எடுங்க, 4 நோடு வேண்டாம். அச்சுகிட்ட எலிமென்ட் நீளமா பட்டை பட்டையா இருக்கும், சாஃப்ட்வேர் ஆஸ்பெக்ட் ரேஷியோ வார்னிங் கொடுக்கும், நடுவுல ஸ்ட்ரெஸ் மாறவே மாறாத இடம்தானே, அங்க பரவாயில்ல. முனைகிட்ட அந்த வார்னிங் வந்தா மட்டும் விடாதீங்க. கோட்டிங்கும் எஃகும் இன்டர்ஃபேஸ்ல ஒரே நோடை பகிர்ந்துக்கட்டும், கான்டாக்ட் எல்லாம் இப்போதைக்கு தேவையில்ல.

பொய் எக்ஸ்பான்ஷன் போடற வேலை

இப்போதான் முக்கியமான இடம். அளந்து வச்ச 2 கிகாவை மாடலுக்குள்ள எப்படி போடறது? இனிஷியல் ஸ்ட்ரெஸ்னு நேரடியா கொடுக்கற வழியும் இருக்கு, ஆனா புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது கோட்டிங்கோட எக்ஸ்பான்ஷன் நம்பரையே மாத்தி வைக்கற வழி. குறி எங்க தப்பாச்சு, எவ்வளவு போச்சுன்னு கையால சரிபார்க்க அதுதான் சுலபம்.

2 கிகா வரணும்னா கோட்டிங் எவ்வளவு விரிய ஆசைப்படணும்? 2 வகுத்தல் 250 = 0.008. அதாவது 0.8 சதவீதம். மாடல்ல டெம்பரேச்சர் 180ல இருந்து 30க்கு 150 டிகிரி இறங்கப் போகுது, அந்த இறக்கத்துல கோட்டிங் 0.008 விரியணும்னா டிகிரிக்கு மைனஸ் 53.3 மைக்ரோஸ்ட்ரெய்ன். உண்மையான 2.5ஐயும் சேர்த்தா மைனஸ் 50.8. ஆமா மைனஸ்தான், குளிர்ந்தா விரியற பொருள். உலகத்துல இப்படி டிஎல்சி கிடையாது, ஆனா சால்வருக்கு அதைப் பத்தி என்ன கவலை.

ஃபைல்ல கோட்டிங்: மாடுலஸ் 200000, பாய்சான் 0.2, எக்ஸ்பான்ஷன் மைனஸ் 0.0000508. எஃகு: 210000, 0.3, 0.000012. ஆரம்ப டெம்பரேச்சர் எல்லா நோடுக்கும் 180, ஸ்டெப் முடியும்போது எல்லாத்துக்கும் 30.

இதுல ஒரு பொறி இருக்கு. பிறகு என்னைக்காவது நானோஇன்டென்டேஷன் (நுண்ணிய ஊசியால குத்தி மாடுலஸ் அளக்கறது) ரிசல்ட் வந்து மாடுலஸ் 200 இல்ல, 160னு தெரிஞ்சா, மாடுலஸை மட்டும் மாத்திட்டு ரன் அடிச்சீங்கன்னா ஸ்ட்ரெஸ்ஸும் சேர்ந்து குறைஞ்சுடும், "ஆஹா மெத்துன்னு இருக்கற கோட்டிங்கால ஸ்ட்ரெஸ் குறைஞ்சுது"ன்னு ரிப்போர்ட் எழுதத் தோணும். அளந்த 2 கிகா மாறவே இல்லயே. மாடுலஸ் மாறினா பொய் எக்ஸ்பான்ஷனையும் திரும்ப கணக்கு போட்டே ஆகணும். நானோஇன்டென்டேஷன்னு வந்ததால இதையும் சொல்லிடறேன், குத்தற ஆழம் கோட்டிங் தடிப்புல பத்துல ஒரு பங்கைத் தாண்டினா கீழ இருக்கற எஃகும் சேர்ந்து அளவுல வந்துடும்.

எங்க பிடிச்சு நிறுத்தறது

அச்சுல இருக்கற நோடுகளுக்கு எக்ஸ் நகர்வு பூஜ்யம். அடி மூலையில அச்சு மேல இருக்கற ஒரே ஒரு நோடுக்கு ஒய் நகர்வு பூஜ்யம். அவ்வளவுதான். அடிப்பக்கம் முழுசையும் ஃபிக்ஸ் பண்றதுதான் எல்லாரும் பண்றது, பார்க்க நியாயமா தெரியும், டிஸ்க் மேஜை மேலதானே உக்காந்திருக்குன்னு. ஆனா அப்படி பண்ணினா எஃகு சுருங்கவும் முடியாது வளையவும் முடியாது, அடிப்பக்கம் பூரா இல்லாத ஸ்ட்ரெஸ் எல்லாம் வந்து நிக்கும்.

ரன் அடிச்சா சில வினாடில முடிஞ்சுடும், கோப்பி கலக்கக் கூட நேரம் கிடைக்காது.

கலர் படம் பார்க்கறதுக்கு முன்னாடி

அச்சுகிட்ட கோட்டிங்ல ஒரு நோடை கிளிக் பண்ணுங்க. ரேடியல் ஸ்ட்ரெஸ் மைனஸ் 2356 மெகாவை ஒட்டி வரணும், ஹூப் ஸ்ட்ரெஸ்ஸும் (வட்டத்தைச் சுத்திப் போற திசைல வர்றது) அதே தான், ரெண்டும் வேற வேறயா வந்தா எங்கயோ தப்பு. மேல நோக்கின ஸ்ட்ரெஸ் பூஜ்யம். அப்புறம் இன்டர்ஃபேஸுக்கு கொஞ்சம் கீழ எஃகுல பாருங்க, எவ்வளவு? ஏறக்குறைய 4 மெகா, டென்சைல். மேல ரெண்டாயிரத்து முந்நூறு, ஒரு மைக்ரான் கீழ வெறும் நாலு! பலபேர் இதைப் பார்த்துட்டு மாடல் உடைஞ்சு போச்சுன்னு நினைப்பாங்க. இல்ல, அதுதான் சரி. ரெண்டு மைக்ரான் தள்ளறதை ஐயாயிரம் மைக்ரான் தாங்குது. கையாலயும் பார்க்கலாம், 4 பெருக்கல் 2356 பெருக்கல் 0.002 வகுத்தல் 5, விடை 3.8.

இப்போ வெளி முனையில மேல் மூலை. அங்க வெளிப்பக்கம் காலியா இருக்கறதால ரேடியல் பூஜ்யத்துக்கு வந்துடும், ஆனா ஹூப் பூஜ்யம் ஆகாது, 2356ல 0.8 பங்கு, சுமார் 1885ல நிக்கும். இந்த நாலு நம்பரும் சரியா வந்தா உங்க மாடலை நம்பலாம். வரலன்னா கலர் படத்தை யாருக்கும் அனுப்பாதீங்க.

முனை, இதுலதான் காசு

கலர் படத்தைத் திறந்தா முனையில, கோட்டிங் எஃகு மேல உக்கார்ற அந்த மூலையில சிவப்பா ஒரு புள்ளி தெரியும், மேக்சிமம் இவ்வளவுன்னு சாஃப்ட்வேர் ஒரு நம்பர் காட்டும். அந்த நம்பரை ரிப்போர்ட்ல போடாதீங்க. மெஷ்ஷை பாதியாக்கி திரும்ப ரன் அடிங்க, நம்பர் ஏறும். இன்னும் பாதியாக்குங்க, இன்னும் ஏறும். ரெண்டு வேற பொருள் சேர்ற கூர்மையான மூலையில எலாஸ்டிக் கணக்குல ஸ்ட்ரெஸ் முடிவில்லாம போகும், அது கணக்கோட இயல்பு, அதனால மேக்சிமம்ங்கறது உங்க மெஷ்ஷோட அளவைத்தான் சொல்லுது. ரெண்டு டிசைனை ஒப்பிடணும்னா ஒரே மெஷ்ல, மூலையில இருந்து ஒரே தூரத்துல, உதாரணத்துக்கு ஒரு மைக்ரான் தள்ளி, ஷியர் (ரெண்டு லேயரை ஒண்ணு மேல ஒண்ணு வழுக்க வைக்கற ஸ்ட்ரெஸ்) எவ்வளவுன்னு பாருங்க. அது நியாயமான ஒப்பீடு.

முனைல இருந்து பத்து இருபது மைக்ரான் உள்ள போனதும் எல்லாம் சமமாயிடும், அப்புறம் அச்சு வரைக்கும் ஒண்ணுமே நடக்காது.

ஆனா உண்மையான பஞ்ச்ல கோட்டிங் இப்படி வெட்டி விட்ட மாதிரி நிக்காது, மூலையைச் சுத்தி வளைஞ்சு போகும். அங்கதான் உரியற கதையே ஆரம்பிக்குது. அமுக்கத்துல இருக்கற ஒரு தோல் குவிஞ்ச பரப்பைச் சுத்திப் போகும்போது அது வெளிப்பக்கம் எழும்பப் பார்க்கும். எழுப்பற ஸ்ட்ரெஸ் = கோட்டிங் ஸ்ட்ரெஸ் பெருக்கல் தடிப்பு வகுத்தல் மூலை ரேடியஸ். முனை ரேடியஸ் 20 மைக்ரான்னா 2356 பெருக்கல் 2 வகுத்தல் 20, இன்டர்ஃபேஸை 236 மெகா பிடிச்சு இழுக்குது. ரேடியஸ் 5 மைக்ரான்னா தொள்ளாயிரத்தைத் தாண்டும். தட்டையான இடத்துல இந்த இழுப்பு பூஜ்யம். ஒரே பேட்ச்சுல போட்ட பஞ்ச்ல பக்கம் எல்லாம் நல்லா இருந்து வெட்டற முனை மட்டும் ஏன் உரியுதுன்னு கேட்கறவங்களுக்கு பாதி பதில் இதுலயே இருக்கு. ரெண்டாவது மாடலா இதைப் போடுங்க: பிளேன் ஸ்ட்ரெய்ன் (குறுக்குவெட்டு மட்டும் வரைஞ்சு, நீளவாக்குல விரிய விடாத கணக்கு), வட்டமான மூலை, அதே பொய் எக்ஸ்பான்ஷன். ரேடியஸை 5, 10, 20, 50னு மாத்திப் பாருங்க, 20க்கு மேல ஃபார்முலாவும் மாடலும் ஒத்துப் போகும், 5ல கோட்டிங் தடிப்பே ரேடியஸோட பெரிய பங்காயிடறதால விலகும்.

இன்டர்லேயர் பத்தி ஒரு சண்டை

இன்டர்லேயர்னா எஃகுக்கும் டிஎல்சிக்கும் நடுவுல போடற மெல்லிய லேயர். "க்ரோம் இன்டர்லேயர் போட்டா ஸ்ட்ரெஸ் குறையும்"னு சொல்லாத ஆள் கிடையாது. மாடல்ல 0.3 மைக்ரான் க்ரோம் வச்சுப் பாருங்களேன். டிஸ்க் நடுவுல டிஎல்சியோட ஸ்ட்ரெஸ் அப்படியே 2356தான், குறையவே குறையாது, ஏன்னா அதை முடிவு பண்றது டிஎல்சி விரிய ஆசைப்படறதும் கீழ இருக்கற தடியான எஃகு விடாம பிடிச்சிருக்கறதும்தான், நடுவுல மெல்லிசா யார் உக்காந்தா என்ன. க்ரோம் பண்ற உதவி வேற: கார்பனோட கார்பைடா சேர்ந்து ஒட்டறதை பலமாக்குது, முனையில ஷியர் பரவற விதத்தையும் கொஞ்சம் மாத்துது. ஒட்டறதை எலாஸ்டிக் மாடல் காட்டாது. அதனால "இன்டர்லேயரால பயன் இல்லைன்னு சிமுலேஷன் சொல்லுது"ன்னும் எழுதிடாதீங்க, அதுவும் தப்பு. இன்னொண்ணு, ஸ்பட்டர் பண்ணின க்ரோமுக்கும் தனக்குன்னு ஒரு ஸ்ட்ரெஸ் உண்டு, கேஸ் பிரஷரையும் பயாஸையும் (அயனிகளை இழுக்க பீஸுக்குக் கொடுக்கற வோல்டேஜ்) பொறுத்து டென்சைலா கூட இருக்கும், அதையும் பூஜ்யம்னு விடாம தனி சிலிக்கான் துண்டுல அளந்து போடுங்க.

உரியுமா உரியாதா

ஸ்ட்ரெஸ் நம்பர் மட்டும் வச்சு இதைச் சொல்ல முடியாது, எனர்ஜி பார்க்கணும். முனையில இருந்து விரிசல் உள்ள ஓடினா கோட்டிங் விடற எனர்ஜி சதுர மீட்டருக்கு எவ்வளவுன்னா (1 கழித்தல் பாய்சான் வர்க்கம்) பெருக்கல் ஸ்ட்ரெஸ் வர்க்கம் பெருக்கல் தடிப்பு, கீழ 2 பெருக்கல் மாடுலஸ். நம்ம எண்களுக்கு 27 ஜூல். தடிப்பை 1 மைக்ரானாக்கினா பாதி. ஸ்ட்ரெஸ்ஸை 30 சதவீதம் குறைச்சாலும் பாதி, அது வர்க்கத்துல வர்றதால. கோட்டிங் போடற ஆள்கிட்ட பேசும்போது இந்தக் கணக்கு கையில இருந்தா பயாஸை குறைக்கச் சொல்றதா தடிப்பை குறைக்கச் சொல்றதான்னு தெளிவா பேசலாம், பயாஸைக் குறைச்சா கடினமும் சேர்ந்து மாறும்னு மறந்துடாதீங்க.

அமுக்கத்துல இருக்கற கோட்டிங் தட்டையான இடத்துலயும் உரியும், ஆனா அதுக்கு முதல்ல எங்கயாவது ஒட்டாத ஒரு திட்டு வேணும். அந்தத் திட்டு ஒரு அளவைத் தாண்டினா கோட்டிங் அங்க கொப்புளமா எழும்பும், பழைய டெலிஃபோன் வயர் மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு ஓடற அந்தக் கோலத்தை மைக்ராஸ்கோப்ல பார்த்திருப்பீங்க. நம்ம 2 மைக்ரான் கோட்டிங் 2.356 கிகால எழும்பறதுக்கு திட்டு எவ்வளவு அகலம் இருக்கணும்னு கணக்கு போட்டா 34 மைக்ரான்தான் வருது. விரல் ரேகை பட்ட எண்ணெய்க் கறை, துடைச்ச துணியோட நார், போதும். நம்ம ஊர் ஈரப்பதமும் சும்மா இருக்காது, சேம்பர்ல இருந்து நல்லா வந்த பீஸ் வெளிய வச்ச பிறகு மெல்ல மெல்ல உரியறதுக்கு காத்துல இருக்கற தண்ணி ஆவி விரிசல் நுனிக்குள்ள போறதும் ஒரு காரணம். இந்தக் கொப்புளத்தை சிமுலேட் பண்ணணும்னா இன்டர்ஃபேஸ்ல 40 மைக்ரான் அகலத்துக்கு நோடுகளைப் பிரிச்சு விட்டு, நான்லீனியர் ஜியோமெட்ரியை ஆன் பண்ணி, கோட்டிங்ல துளியூண்டு மேடு வச்சு ஓட்டணும். மேடு வைக்கலன்னா கணக்கு அப்படியே தட்டையா ஓடி முடிஞ்சுடும், கொப்புளம் வராது.

அணு அணுவா பார்க்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு

மாலிக்யூலர் டைனமிக்ஸ் (அணுக்களோட நகர்வையே கணக்கு போடற முறை), அதுக்கான லேம்ப்ஸ் சாஃப்ட்வேர்னு கேள்விப்பட்டு நேரா அங்க ஓடறவங்க உண்டு. வளரும்போது ஸ்ட்ரெஸ் எப்படி வருதுன்னு காட்டறது அதுதான், 2018ல மெஷின் லேர்னிங் பொட்டென்ஷியல் (அணுக்களுக்கு நடுவுல இருக்கற விசையைச் சொல்ற கணக்கு) வச்சு கார்பன் அணுக்களை ஒண்ணொண்ணா விழ வச்சுப் பார்த்தவங்க, விழற அணு உக்கார்ற இடத்துல மட்டும் இல்லாம அடி வாங்கின சுத்துவட்டாரம் பூரா நெருங்கறதாலதான் எஸ்பி3 வருதுன்னு காட்டினாங்க. ஆனா பெட்டிக்குள்ள சில ஆயிரம் அணு, ஓடற நேரம் நானோசெகண்ட் கணக்கு, உங்க பஞ்ச்சுக்கு எவ்வளவு ஸ்ட்ரெஸ்னு அதுல இருந்து எடுத்துப் போடாதீங்க. பொட்டென்ஷியலை மாத்தினா எஸ்பி3 பங்கே பெருசா மாறும், பழைய டெர்சாஃப் வகை குறைச்சுக் காட்டும். யூஎஸ்எம்மோட நிபோங் திபால் இன்ஜினியரிங் கேம்பஸ்ல மாஸ்டர்ஸ் பண்றவங்களுக்கு நல்ல தலைப்பு, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொடுக்கணும்னு நிக்கறவங்களுக்கு இல்ல.

ரிப்போர்ட்ல என்ன போடணும்

சிலிக்கான்ல அளந்த ஸ்ட்ரெஸ், கோட்டிங் தடிப்பு, மாடுலஸ் எங்க இருந்து வந்தது, குளிர்ற பங்கு தனியா, வளர்ற பங்கு தனியா, நடுவுல மாடலும் கைக்கணக்கும் எவ்வளவு ஒத்துப் போச்சு, முனை ரேடியஸுக்கு எதிரா எழுப்பற ஸ்ட்ரெஸ் ஒரு கிராஃப். கூட ராக்வெல் சி குத்துத் தடத்தைச் சுத்தி எடுத்த மைக்ராஸ்கோப் படம் ஒண்ணு வைங்க, 150 கிலோ லோடுல குத்தினதும் சுத்தி வெறும் விரிசலா இருக்கா, இல்ல தட்டையா உரிஞ்சிருக்கான்னு பார்த்து எச்எஃப்1ல இருந்து எச்எஃப்6 வரைக்கும் தரம் பிரிப்பாங்க. ஒட்டறதைப் பத்தி உங்க மாடலுக்குத் தெரியாததை அந்தப் படம்தான் சொல்லும்.

அடுத்த தடவை பஞ்ச் டிராயிங் அனுப்பும்போது வெட்டற முனையில "ஷார்ப்"னு எழுதி அனுப்பாதீங்க. கோட்டிங்குக்கு முன்னாடி எத்தனை மைக்ரான் ரேடியஸ் வேணும்னு உங்க கிராஃப்ல இருந்து எடுத்து எண்ணாவே போடுங்க, ட்ரிம் ஆகற கால்ல பர் (வெட்டின விளிம்புல நீட்டிக்கிட்டு நிக்கற பிசிறு) வராத அளவுக்கு எவ்வளவு ரேடியஸ் தாங்கும்னு ப்ரொடக்‌ஷன்ல கேட்டுட்டு.